தேரிக்குளத்தில் இருபத்தேழு நகர்த்தல்

தேரிக்குளம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேருந்துகளின் பெயர் சொல்லும் தங்கபுஷ்பம், நான்கு வருடங்களாக மண்டைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்த ஒரு சதுரங்கப் புதிருக்கு, ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை பதினொன்று பத்துக்கு விடை கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த சந்தோஷத்தில், திருச்செந்தூர் வண்டி புறப்படத் தயாராக இருக்கிறது என்று சொல்ல வேண்டிய வாய், "யானை, எட்டாம் தெரு, நாலாம் சந்து, செக்" என்று சொல்லிவிட்டது. சொன்ன கையோடு, எட்டாம் தெருவும் நாலாம் சந்தும் கூடுகிற முக்கில் ஒரு யானை வந்து நின்றது.

அந்த முக்கில் பூ விற்கும் மாடத்தி, கூடையை இரண்டடி தள்ளி வைத்துக்கொண்டு, "வந்தது வந்த, ஓரமா நில்லு, வண்டி போகணும்லா" என்றாள். யானை ஓரமாக நின்றது. பாகனும் இல்லை, சங்கிலியும் இல்லை, எந்தக் கோயில் யானை என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குப் பதிலும் இல்லை. மத்தியானத்துக்குள் யாரோ தென்னை மட்டை வெட்டிக்கொண்டு வந்து போட்டார்கள், யாரோ தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தார்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் போனவர்கள், யானை நிற்கிற முக்கு என்று வழி சொல்லவே ஆரம்பித்துவிட்டார்கள்.

தேரிக்குளம் ஒரு காலத்தில் உப்பு வியாபாரி ஒருவர் கயிறு பிடித்து அளந்து கட்டிய ஊர். தெற்கு வடக்காக எட்டுத் தெரு, கிழக்கு மேற்காக எட்டுச் சந்து, எட்டும் எட்டும் வெட்டிக்கொள்கிற இடங்களில் அறுபத்து நான்கு முக்கு. மகள் நர்ஸ் வேலைக்கு நாகர்கோவில் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லாமல் புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே சதுரங்கம் கற்றுக்கொண்ட தங்கபுஷ்பத்துக்கு, பலகையின் கட்டங்களுக்குப் புத்தகத்தில் போட்டிருந்த எழுத்தும் எண்ணும் மனதில் ஒட்டவில்லை. அறுபத்து நான்கு கட்டத்துக்கும் ஊரின் அறுபத்து நான்கு முக்கை வைத்துக்கொண்டாள். முதல் தெரு முதல் சந்து என்றால் மூலைக் கட்டம். அந்த மூலையில்தான் பேருந்து நிலையமும், அதற்குள் அவள் உட்கார்ந்து பேசும் கண்ணாடிக் கூண்டும் இருந்தன.

புதிர் அவளுக்கு வந்தது வடை மடித்த தாளில். பேருந்து நிலைய வாசலில் டீக்கடை வைத்திருக்கும் கொம்பையா அண்ணாச்சி எடைக்கு வாங்கிய பழைய சதுரங்கப் பத்திரிகை ஒன்றின் கடைசித் தாள் அது. வெள்ளை ஒவ்வொரு தடவையும் செக் வைக்க வேண்டும், கறுப்பு ராஜாவுக்கு ஒவ்வொரு தடவையும் தப்பிக்க ஒரே ஒரு கட்டம்தான் இருக்க வேண்டும், அப்படி ஓட ஓட விரட்டி இருபத்தேழாவது நகர்த்தலில் போக்கிடம் இல்லாமல் நிறுத்த வேண்டும். விடை அடுத்த இதழில் என்று போட்டிருந்தது. அடுத்த இதழ் வரவே இல்லை, பத்திரிகையே நின்றுபோயிருந்தது. உடன்குடி வண்டிக்கும் நாசரேத் வண்டிக்கும் நடுவே கிடைக்கிற மூன்று நிமிடம், சாத்தான்குளம் வண்டி தாமதமானால் கிடைக்கிற பத்து நிமிடம் என்று சேர்த்துச் சேர்த்து, நான்கு வருடம் அவள் அந்த ராஜாவை விரட்டினாள்.

யானை வந்த அதே பதினொன்று பத்துக்கு, ஐந்தாம் தெரு நாலாம் சந்து முக்கில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து கையில் கோப்போடு இறங்கினவர் ஏகாம்பரம், காஞ்சிபுரத்துக்காரர், அரசாங்கப் பொறியாளர். நகராட்சி அலுவலகத்துக்கு வழி கேட்க அவர் வாயைத் திறந்தபோது ஒலிபெருக்கியில் "செக்" என்ற சத்தம் விழுந்தது. அவருடைய வலது கால் எழும்பியது, இடது கால் அதன் பின்னாலேயே போனது, அவர் அப்படியே நடந்து அடுத்த முக்கில், ஐந்தாம் தெரு ஐந்தாம் சந்தில் போய் நின்றார். ஜீப்புக்குத் திரும்ப நினைத்தார், கால் தூக்கவில்லை. தெற்கே போகப் பார்த்தார், தூக்கவில்லை. முக்குக்குள்ளே நான்கு பக்கமும் உலாவ முடிந்தது, முக்கைத் தாண்டத்தான் முடியவில்லை. எதிரே சலூன் வைத்திருந்தவர் ஒரு நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க சார், நம்ம புஷ்பம் அடுத்தாப்ல சொல்லுத வரைக்கும் இங்கனதான்" என்றார். யார் புஷ்பம் என்று ஏகாம்பரம் கேட்கவில்லை. கால் வலித்ததால் உட்கார்ந்தார்.

மறுநாள் தங்கபுஷ்பம் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். பதினொன்று பத்துக்கு யானை பிளிறியது. பன்னிரண்டு வரை விடாமல் பிளிறியது. ஓட்டுநர்கள் கூண்டுக்கு வந்து, "யக்கா, ஹாரன் சத்தமே கேக்க மாட்டேங்கு, சொல்லித் தொலைங்க" என்றதும், அவள் கண்ணை மூடிக்கொண்டு, "குதிரை, நாலாம் தெரு, ஏழாம் சந்து, செக்" என்றாள். உடன்குடி வண்டியின் பின்படியிலிருந்து ஒரு வெள்ளைக் குதிரை இறங்கி நாலாம் தெருப் பக்கமாக நடந்து போனது. தான் அதற்குச் சீட்டுக் கிழிக்கவில்லை என்று மட்டும் நடத்துநர் சொன்னார். ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து எழுந்து அடுத்த முக்குக்குப் போனார். சலூன்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

ஏகாம்பரம் சார்தான் அந்தக் கறுப்பு ராஜா என்று அன்றைக்கு ஊருக்குப் புரிந்துவிட்டது. இது இருபத்தேழு நாள் திருவிழா என்று முடிவு செய்துகொண்டார்கள். நல்ல வேளையாக அந்தப் புதிரில் வெள்ளைக்கு, ராஜாவைத் தவிர, யானையும் குதிரையும் மட்டும்தான். மந்திரி இருந்திருந்தால் வரவேற்பு வளைவு கட்ட வேண்டியிருக்கும் என்று கொம்பையா சொன்னார். கொள்ளு ஊற வைக்க ஒரு வீடு, யானையைக் குளிப்பாட்ட லாரி ஷெட் ஆட்கள், சாணி அள்ள முறை வைத்து ஒவ்வொரு தெரு என்று தானாகவே ஏற்பாடு ஆனது. யானை எந்த முக்குக்கு வரப்போகிறது என்று முந்தின நாளே கூண்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த முக்கில் மின்கம்பியை உயர்த்திக் கட்டினார்கள். ஏகாம்பரம் சார் வரப்போகிற முக்கில் கட்டிலும் கொசுவலையும் போட்டு, அவருக்குக் காரம் ஆகாது என்று தெரிந்ததும் தனியாகக் கூட்டு வைத்து, குளிக்க நான்கு தட்டி கட்டி மறைவு செய்து, எங்கள் முக்குக்கு எப்போது வருவார் என்று வராத முக்குக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்ளும் அளவுக்கு அவரைக் கவனித்தார்கள்.

அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பதும் ஊருக்குத் தெரியும். கோப்புக்குள் இருந்தது பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டர் தள்ளி, நாற்கர சாலை ஓரமாகக் கொண்டுபோகும் திட்டம். அவர் இடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். இதற்கு முன் பதினோரு ஊர்களின் பேருந்து நிலையங்களை அவர் இப்படி நகர்த்தியிருந்தார். ஒவ்வொரு ஊரிலும் காலையில் வந்து, அளந்து, கையெழுத்துப் போட்டு, மாலையில் கிளம்பிவிடுவார். கெட்ட மனிதர் இல்லை. வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

எட்டாவது நாள் அவர் மாடத்தியின் முக்குக்கு வந்தார். யானை அதற்குள் வேறு தெருவுக்குப் போயிருந்தது. மறுநாள் விடிகாலை அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தபோது மாடத்தி கிராமத்து வண்டியில் வந்த பிச்சிப்பூ மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு தூரம்மா தூக்கிட்டு வரீங்க?"

"எங்க தூரம்? ஸ்டாண்டுல எறக்கினா ஏழு தெரு தாண்டுனா கடை. மொட்டா வருது, நான் கட்டி முடிக்கையில வாய் தொறக்கும். இன்னும் ஒரு மணி நேரம் தாமசமானா விரிஞ்சிரும் சார். விரிஞ்ச பூவ யாரு வாங்குவா?"

பன்னிரண்டாவது நாள் ஏகாம்பரம் அரசு மருத்துவமனை வாசலில் நின்றார்; நிறைமாதப் பெண்கள் பேருந்திலிருந்து இறங்கி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவதைப் பகல் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தார். பதினாறாவது நாள் வாரச்சந்தை வாசல். கருப்பட்டிக் கூடைகளும் கோழிகளும் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு கோழி மதியம் வரை அவருடைய கட்டிலுக்கு அடியில் நிழலுக்கு இருந்தது. அவர் கோப்பைத் திறக்கவே இல்லை. ஆனால் சலூன்காரரிடம் ஒரு சதுரங்கப் பலகை வாங்கி வரச் சொன்னார். ஊரே பலகை வாங்கியிருந்ததால் கடையில் இல்லை. அட்டையில் கோடு போட்டு, சோடா மூடிகளை வைத்துக்கொண்டார்.

பத்தொன்பதாவது நாள் காலை பத்தரைக்கு, இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில், தங்கபுஷ்பம் அன்றைய நகர்த்தலை இன்னொரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஓட்டியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீ கொண்டுவந்த கொம்பையா அவள் முகத்தைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன தாயி? வயித்தக் கியித்த வலிக்கா?"

"அண்ணாச்சி, ஓட்டை இருக்கு."

"எதுல?"

"புதிர்ல. இன்னைக்கு அவருக்கு ஒரு வழின்னு நெனச்சேன். ரெண்டு இருக்கு. மூணாம் தெரு ரெண்டாம் சந்தை குதிரை காக்குதுன்னு நாலு வருசமா நெனச்சிட்டு இருந்திருக்கேன். அது காக்கல. அங்கன போயிட்டாருன்னா அப்புறம் யானையும் பிடிக்க முடியாது, குதிரையும் பிடிக்க முடியாது. ஆட்டம் கலைஞ்சிரும்."

கொம்பையா கூண்டின் கதவைச் சாத்தினார். அவருக்கு அறுபத்திரண்டு வயது, இந்த வாசலில் முப்பத்தைந்து வருடமாக டீ ஆற்றுகிறார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நாலாம் தெரு ரெண்டாம் சந்துல கட்டில் போட்டாச்சு. பழக்கத்துல அங்கதான் போவாரு."

"அப்ப சொல்லாண்டாம். வெளிய போனா கையெழுத்துப் போட்டுருவாரு. இன்னும் எட்டு நாள்தான. ஊருக்காக ஒரு தடவ வாய மூடிட்டு இரு புஷ்பம். நான் உன்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல."

தங்கபுஷ்பம் டீயைக் குடிக்காமல் ஆறவிட்டாள். ஊர் அவளுக்கும் ஊர்தான். ஆறு கிலோமீட்டர் தள்ளி வருகிற நிலையத்தில் இந்தக் கூண்டு இருக்காது, பதிவு செய்த குரல்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, நாலு வருசமா நான் தேடுனது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ராசாவுக்கு நெசமாவே வேற வழி இல்லைங்கிறத. வழி இருக்கையில இல்லேன்னு சொன்னா, அது விரட்டுறதில்ல, கண்ணைக் கட்டுறது. என்னால முடியாது."

பதினொன்று பத்துக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். ஊர் முழுக்க அவள் குரல் கேட்டது. "யானை, எட்டாம் தெரு, முதல் சந்து, செக்." பிறகு ஒரு மூச்சு விட்டு, "ஏகாம்பரம் சார் கவனத்திற்கு. இந்தத் தடவை உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. நாலாம் தெரு ரெண்டாம் சந்துக்கும் போகலாம், மூணாம் தெரு ரெண்டாம் சந்துக்கும் போகலாம். மூணாம் தெருவுக்குப் போனா, நாளைக்கு நீங்க உங்க ஜீப்ல ஏறிரலாம். நான் தப்பாப் பார்த்துட்டேன். மன்னிச்சிருங்க. திருச்செந்தூர் வண்டி புறப்படத் தயாராக உள்ளது" என்றாள்.

வடை எண்ணெயில் கருகுகிற வாசனை வந்தும் கொம்பையா திரும்பவில்லை. மாடத்தி கூடையோடு ஓடிவந்து, "ஏ பாவி மட்ட, உன் வாயில மண்ணப் போட" என்று கூண்டைப் பார்த்துக் கத்திவிட்டு, உடனே அழுதாள்.

ஏகாம்பரம் அப்போது நின்றது மூன்றாம் தெரு முதல் சந்தில். தங்கபுஷ்பம் கூண்டைவிட்டு இறங்கி அவரை நோக்கி நடந்தாள். கொம்பையாவின் கடை வரைகூடப் போக முடியாமல் கால் நின்றுவிட்டது. ராஜாவும் ராஜாவும் அடுத்தடுத்த கட்டத்தில் நிற்கக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. வெள்ளை ராஜா நிற்கிற மூலையில் உட்கார்ந்திருக்கும் தான்தான் அந்த வெள்ளை ராஜா என்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. இத்தனை நாளும் ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு பேரும், நடுவே ஒரு முக்கையும் ஒரு டீக்கடையையும் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டுப் பேசினார்கள்.

"நீங்கதானாம்மா அந்தக் குரல்?"

"ஆமா சார்."

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"எனக்குத் தெரிஞ்சிருக்கும்லா."

ஏகாம்பரம் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். வடக்கே எழும்பியது. வடகிழக்கேயும் எழும்பியது. பத்தொன்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு பக்கம் போகிற காலை அவர் கொஞ்ச நேரம், புதுச் செருப்புப் போட்டவர் மாதிரி, பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலாம் தெருவுக்குப் போனா, அப்புறம் ஓட்டை ஏதும் இருக்கா?"

"இல்ல சார். அதுக்கப்புறம் எட்டும் சுத்தம். இப்பத்தான் ஒவ்வொண்ணா மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். ஆனா எங்களுக்காக நீங்க விட்டுக்குடுத்து வர வேண்டாம். அப்படி வந்தா அது செக்மேட் இல்ல."

"விட்டுக்கொடுக்கிறதுக்கு நான் யாரும்மா?" ஏகாம்பரம் சிரித்தார். "சோடா மூடியை வச்சு மூணு நாளா மல்லாடுறேன். கடைசியில யானை எங்கே நிக்கும்னு எனக்குப் பிடிபடவே இல்லை. பதினோரு ஊருக்குப் போயிருக்கேன். கையெழுத்துப் போட்டதோட சரி. அதுக்கப்புறம் அந்த ஊர்ல என்ன ஆச்சுன்னு ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. இதையாவது முடிவு வரைக்கும் பார்த்துட்டுப் போறேனே. இல்லைன்னா ஆயுசுக்கும் அரிச்சுக்கிட்டே இருக்கும்."

சொல்லிவிட்டு வேட்டியைச் சற்றே உயர்த்திக்கொண்டு (கால்சட்டை எப்போதோ சலவைக்குப் போய்விட்டது) வடகிழக்கே நடந்தார். நாலாம் தெரு இரண்டாம் சந்தில் போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்தார். ஊர் போட்ட சத்தத்தில் குதிரை இரண்டு காலில் நின்றது. மாடத்தி கூடையிலிருந்த பூ அத்தனையையும் அள்ளித் தங்கபுஷ்பத்தின் தலையில் கொட்டி, "திட்டுனத மனசுல வைக்காத" என்றாள்.

மிச்சம் எட்டு நாளும் வேறு மாதிரி இருந்தன. அதுவரை கால் இழுத்துக்கொண்டு போன முக்குக்கு, இப்போது ஏகாம்பரம் பதினொன்று ஐந்துக்கே எழுந்து, முகம் கழுவி, தலை சீவித் தயாராக நின்றார். அடுத்து எங்கே என்று யாரையும் சொல்லவிடாமல் தானே கண்டுபிடித்து, சரியாக இருந்தால் கைதட்டி, தப்பாக இருந்தால் அடடா என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பேருந்தில் வந்தவர்கள் இறங்கி, அன்றைய நகர்த்தலைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் போனார்கள். அவருடைய மனைவி காஞ்சிபுரத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு எப்போது வருவீர்கள் என்று கேட்டபோது, "இன்னும் நாலே செக்" என்றார்.

இருபத்தேழாவது நாள், ஏகாம்பரம் ஊரின் வடகிழக்கு மூலையில், எட்டாம் தெரு எட்டாம் சந்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நின்றார். குதிரை ஆறாம் தெரு ஆறாம் சந்தில் கொள்ளு தின்றுகொண்டிருந்தது. தொட்டியின் படிகளிலும் மொட்டை மாடிகளிலும் ஊர் ஏறி நின்றது. பதினொன்று பத்துக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. "யானை, எட்டாம் தெரு, ஏழாம் சந்து." இந்தத் தடவை கடைசி வார்த்தை மாறியது: "செக்மேட்."

யானை தெருவை அடைத்துக்கொண்டு ஆடி ஆடி வந்து அவருக்கு எதிரே நின்றது. ஏகாம்பரம் மேற்கே காலைத் தூக்கிப் பார்த்தார், குதிரை அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது, கால் எழும்பவில்லை. குறுக்கே பார்த்தார், யானை காத்தது. யானையையே தள்ளிவிட்டுப் போகலாமா என்று அதன் தும்பிக்கையைத் தொட்டார், யானைக்குப் பின்பலமாகக் குதிரை நின்றது. அவர் திரும்பத் திரும்ப மூன்று பக்கமும் பார்த்தார். அப்புறம், மண்ணில் உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட, அட, அட! இந்தக் குதிரை மூணு நாளா சும்மா நிக்குதுன்னுல்ல நெனச்சேன்!"

சிரித்து முடித்துக் கோப்பைக் கேட்டு வாங்கினார். முழங்காலில் வைத்து, முதல் பக்கத்தைப் புரட்டி, முடிவு என்று போட்டிருந்த இடத்தில், "மேற்படி பேருந்து நிலையத்தை நகர்த்த வழியில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். கையெழுத்தின் மை காய்ந்தபோது அவர் கால்கள் எல்லாப் பக்கமும் எழும்பின. யானையும் குதிரையும் ஆளுக்கொரு வாழைத்தாரை வாங்கிக்கொண்டு, கிழக்குச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. காரணத்தை விளக்கவும் என்று மேலிடத்திலிருந்து பிறகு ஒரு கடிதம் வந்தது. ஏகாம்பரம் இருபத்தேழு நகர்த்தலையும் படம் போட்டு அனுப்பினார். அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

ஜீப்பின் மின்கலம் செத்துப்போயிருந்ததால் அவர் பேருந்தில்தான் ஊருக்குக் கிளம்பினார். பூவும் கருப்பட்டியுமாக ஆளுக்கொரு பொட்டலத்தை அவர் மடியில் திணித்தார்கள். தங்கபுஷ்பம் கூண்டைவிட்டு இறங்கி ஜன்னலோரம் வந்து நின்றாள். இப்போது அவர்கள் அடுத்தடுத்து நிற்க எந்தத் தடையும் இல்லை.

"அந்தப் பத்தொன்பதாவது ஓட்டையை ஒரு சிப்பாயை வச்சு அடைச்சிடலாம்மா. மூணாம் தெரு ரெண்டாம் சந்துல ஒரு கறுப்புச் சிப்பாய்."

"நானும் அதத்தான் நெனச்சேன் சார். ஆனா நீங்க நடந்த மாதிரியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஏகாம்பரம் தலையாட்டினார். கொஞ்சம் தயங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "வேற ஏதாவது கைவசம் இருக்கா?"

தங்கபுஷ்பத்தின் முகம் முழுக்க மலர்ந்தது. "ஒண்ணு இருக்கு சார். நாப்பத்தோரு நகர்த்தல். ராணியும் உண்டு. மொத நகர்த்தல் என்னன்னா..."

ஓட்டுநர் அவளை முடிக்கவிடவில்லை. மூன்று நிமிடம் முன்னதாகவே வண்டியை எடுத்துவிட்டார்.